மணலில் மட்டும் திரும்புகிறவன்

1967 ஐப்பசியிலிருந்து ராயபுரம் பாஸ்கலால் தார் ரோட்டில் திரும்ப முடியாது. நேராக நடப்பான், பின்னுக்கு நடப்பான், அவ்வளவுதான். தப்பு அவனுடையது. கரையிலிருந்து மீன்கூடை ஏற்றிவரும் அவனுடைய பழைய மிலிட்டரி ஜீப்புக்கு நாலு சக்கரமும் இழுவைதான். ஆனாலும் ஈரமணலில் சிக்கினால் ஜோடியில் ஒரு சக்கரம் சும்மா சுற்றும், மற்றது மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நிற்கும். ஜோடி சேர்ந்தே சுற்றும்படி, அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களுக்கு வெல்டு வைக்கச் சொல்லி மெக்கானிக் சௌக்கத் அலியின் உயிரை வாங்கினான்.

"மணலுக்கு ஷோக்கா ஓடும் நைனா. தார்ல திரும்புறப்ப வெளிச்சக்கரம் ஜாஸ்தி ஓடணும், உள்சக்கரம் கம்மியா ஓடணும். ரெண்டையும் ஒண்ணாக் கட்டிட்டா வண்டி நேராத்தான் இஸ்துகினு போவும்" என்றார் அலி. வெல்டு வைக்கும்போது இறங்கி நிற்கவும் சொன்னார். ஜீப்பை விட்டு இறங்குவது பாஸ்கலுக்குக் கௌரவக் குறைச்சல். உட்கார்ந்தே இருந்தான். அவன் கால்களும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. ஒரு கால் போகிற தூரத்துக்கு மேல் மற்றது ஒரு விரற்கடைகூடப் போகாது. வெல்டை வெட்டினால் அச்சே போய்விடும் என்று அலி கையை விரித்துவிட்டார்.

பாஸ்கலின் வீடு சந்துமுனையில் இடப்பக்கம் திரும்பியதும் மூன்றாவது. தினமும் சாயங்காலம் கடற்கரையிலிருந்து நேராக வந்து, முனையிலுள்ள சுப்பராயன் வீட்டுச் சுவரில் முட்டி நின்று, பின்னுக்கே நடந்து மணலுக்குப் போய்ப் படுத்தான். நாலு பேர் தூக்கித் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். விட்டதும் முறுக்கிய கயிறு மாதிரி பழைய பக்கமே திரும்பிக்கொண்டான். மார்கழியில் அவன் மனைவி எல்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை வாசல் தாண்டித் தூக்கிப்போவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. அப்பன் வந்து தூக்காமல் ஞானஸ்நானமும் இல்லை. சுவரில் நெற்றியை வைத்தபடி பிள்ளை அழுவதைக் கேட்டு பாஸ்கலும் அழுதான். பாவமாகத்தான் இருந்தது.

எல்சிக்குத்தான் உறைத்தது. கரையில் அந்த ஜீப் சறுக்கிச் சறுக்கித் திரும்பத்தானே செய்கிறது, மணலில் இவனும் திரும்பிப் படுக்கத்தானே செய்கிறான்? பிள்ளை பெற்ற உடம்போடு மீன்கூடையில் மணல் அள்ளிவந்து முனை முழுக்கக் கொட்டினாள். "இன்னாய்யா முழிச்சிகினு நிக்கிற? வூட்டுக்கு வாய்யா" என்றாள். பாஸ்கல் கால் வைத்தான். உள்கால் மணலில் சறுக்கியது, வெளிக்கால் உந்தியது, திரும்பிவிட்டான். மூன்றாவது வீட்டு வாசலில் பிள்ளையைக் கையில் வாங்கினான்.

ஞானஸ்நானத்தன்று கோயில் பீடத்துக்கு முன்னால் ஒரு கூடை மணல் போட்டார்கள். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மணல்மேலேயே நின்று தண்ணீர் ஊற்றினார். சந்துமுனையில் மணல் குறைந்தால் இப்போதும் யாராவது கொண்டுவந்து கொட்டுகிறார்கள். தெரு பெருக்கும் கன்னியம்மா அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்குகிறாள்.