நான்காம் அட்டை

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வருகிறது என்று காஜா பெராங் தெருவில் இருந்த எங்கள் அச்சகத்துக்கு வேலை வந்து குவிந்தபோதுதான் முதலாளி பொன்னுதுரைக்கு அந்த யோசனை பிறந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. என்ன வேலை, என்னென்ன வேண்டும், எப்படிச் செய்வது என்று எழுதிச் சுவரில் மாட்டினார். ஓர் அட்டையில் எழுதியதை இன்னொன்றில் திரும்ப எழுதக்கூடாது. எண்ணைப் போட்டால் போதும்.

நான்காம் அட்டை கல்யாணப் பத்திரிகையை மடிப்பது. கடைசி வரியில், மூலைகளில் மஞ்சள் தடவுவதையும் சேர்த்துவிட்டார்.

“மடிக்கிறது வேற, மஞ்சள் வைக்கிறது வேற மொதலாளி. தனித்தனியா எழுதுங்க,” என்றேன்.

“எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொல்லு, சந்திரமதி,” என்றார். விட்டுவிட்டேன். அங்கே அந்த இரண்டும் என் வேலைதான். எனக்கு எதற்கு அட்டை?

பிறகு என் கணவர் இறந்தார். வீட்டில் முடங்கினேன். கருமாதிப் பத்திரிகையை முதலாளியே அச்சடித்துக் கொடுத்தார். மடித்துத் தபாலில் சேர்த்தது என் இடத்துக்கு வந்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. புக்கிட் ரம்பாயில் இருக்கும் அவருடைய அண்ணன் மருதமுத்து வந்துதான் காரியம் செய்ய வேண்டும்.

அவர் வரமாட்டேன் என்று ஆள் அனுப்பினார். கூடவே பத்திரிகையும் திரும்பி வந்தது. கறுப்புக் கரைக்கு மேல் நான்கு மூலையிலும் மஞ்சள். அந்த அச்சகத்தில் மஞ்சள் வைக்கிறவள் நான் என்பது அவருக்குத் தெரியும். தம்பி போனதில் எனக்குச் சந்தோஷம் என்று நினைத்துவிட்டார்.

துக்க வீட்டுக்காரி வெளியே போகக்கூடாதுதான். அச்சகத்துக்குப் போனேன். என் இடத்தில் இருந்தவள் கம்போங் செட்டி தெய்வானை. அந்தக் கம்போங்கில் மலாய்தான் பேச்சு; தமிழ் படிக்கத் தெரியாது. கருமாதிப் பத்திரிகைக்கான அட்டையில் ‘மடிப்பு: 4’ என்றிருந்தது. நாலு என்றால் மடித்து மஞ்சள் வைப்பது என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள் என்று மலாயில் சொல்லி அழுதாள். அவளைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. முதலாளியைத் திட்டித்தான் என்ன ஆகப்போகிறது? அவரே இரண்டு அட்டைகளையும் கழற்றிக்கொண்டு புக்கிட் ரம்பாய்க்குச் சைக்கிளை மிதித்தார்.

சாயங்காலம் மருதமுத்து மாமா என் வீட்டு வாசலில் நின்றார். கையில் அந்த அட்டைகள்.

“இதுல எழுதியிருக்கு. நீ செய்யல. காரியத்த நானே செய்றேன்.”

ஆசுபத்திரியில் இராப்பகலாக அவர் தம்பி பக்கத்தில் கிடந்தவள் நான். தம்பி இறந்த அன்று நான் அழுததை இவர் அருகில் நின்று பார்த்தார். அதையெல்லாம் நம்பாத மனுசன் ஓர் அட்டையை நம்பிவிட்டார். கதவைச் சாத்திவிடலாமா என்றிருந்தது. ஆனால் காரியம் நடக்க வேண்டுமே.

“உள்ள வாங்க மாமா,” என்று வழிவிட்டேன்.