பதினேழாவது படம்

கினுயோவின் சாவுக்கு வைத்த படம் அவளுடைய ஓட்டுநர் உரிமத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. அதில் அவள், போலீஸ்காரன் வண்டியை மறித்துவிட்டதுபோல முறைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருடம் வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே வளைய வந்த பெண்பிள்ளைக்கு இப்படி ஒரு படம்! அவள் புருஷன் ஹிசாவோ தினமும் காலையில் ஊதுபத்தி ஏற்றும்போது அந்தப் படத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் மணியை அடிப்பான்.

வீட்டில் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அத்தனையும் அவள் எடுத்தவை. ஹிசாவோ, மகன், சுவா ஏரி, பக்கத்து வீட்டு நாய், எல்லாரும் இருந்தார்கள். கேமராவை அவளிடம் கேட்டால், "என்னை எதுக்கு? நான் என்ன பார்க்கற மாதிரியா இருக்கேன்?" என்று நழுவிவிடுவாள்.

ஒரே ஒரு தடவை மாட்டினாள். ஏப்ரல் மாதம், ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பருந்து பாய்ந்து வந்து அவள் கையிலிருந்த சோற்று உருண்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வெறும் கையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் கிடந்த கேமராவை எடுத்து ஹிசாவோ ஒரு படம் எடுத்தான். எத்தனை படம் எடுத்தாயிற்று என்று எண்ணிக் காட்டும் கண்ணாடியில் பதினேழு என்று நின்றது. "முப்பத்தாறையும் எடுத்து முடிச்சிட்டுக் கழுவக் கொடுப்போம், பாதியில கொடுத்தா வீண்" என்றாள். அடுத்த மாதம் குளியலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

மிச்சப் படங்களை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை. கேமராவை அப்படியே அலமாரியின் கீழ் இழுப்பறையில் வைத்தான். இரண்டு வருடம் கழித்து, தனி ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று மகன் நகோயாவிலிருந்து வந்து, பழைய சாமான்களை அள்ளிக்கொண்டு போகும் ஆட்களை ஏற்பாடு செய்தான். ஆட்கள் அலமாரியை இழுப்பறையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். புது வீட்டில் மூன்றாம் நாள்தான் ஹிசாவோவுக்குக் கேமரா ஞாபகம் வந்தது. இந்த மடையனை என்னவென்று சொல்ல? ஆட்களைக் கேட்டால், சாமான் எல்லாம் மொத்த வியாபாரியிடம் போய்விட்டது, அங்கிருந்து எங்கே போனதோ என்று கையை விரித்தார்கள்.

ஹிசாவோ ஒகாயாவில் ஒரு விலாங்குமீன் கடையில் அடுப்படியில் நிற்பவன். அதே கடையில் சாப்பாடு பரிமாறுகிறவள் மினெக்கோ. ஐம்பது வயது, வாய் ஓயாது. இணைய ஏலத்தில் பழைய பீங்கான் கிண்ணம் வாங்கி விற்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. நானூற்றுப் பன்னிரண்டு பேர் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை என்று அதை ஒரு பட்டம்போலச் சொல்லிக்கொள்வாள். ஹிசாவோ அவளிடம் கேமராவின் பெயரைச் சொல்லி, இது ஏலத்துக்கு வந்தால் சொல்லு என்றான். ஏன் என்று சொல்லவில்லை. பொண்டாட்டி சிரித்த படம் வேண்டும் என்று அடுப்படியில் நின்று ஓர் ஆண்பிள்ளை எப்படிச் சொல்வான்?

ஏழு மாதம் அந்த ரகக் கேமராக்கள் வந்துகொண்டே இருந்தன. மதிய வியாபாரம் முடிந்து இடைவேளையில் மினெக்கோ கைபேசியை நீட்டுவாள், அவன் தலையை ஆட்டிவிடுவான். அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அவன் ஆட்டவில்லை.

"இதுதான்."

"எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு. எப்படித் தெரியும்?"

தோல் உறையின் கொக்கியில் சிவப்பு நூல் தையல். அறுந்துபோனதைக் கினுயோ கைக்குக் கிடைத்த நூலில் தைத்தது. ஹிசாவோ அந்தத் தையலைத் தொட்டான், கைபேசியில் படம் நகர்ந்து ஓடிவிட்டது. எண்ணும் கண்ணாடியை மினெக்கோ பெரிதாக்கிக் காட்டினாள். பதினேழு. மூடியைத் திறந்தால் எண் தொடக்கத்துக்கு ஓடிவிடும்; யாரும் திறக்கவில்லை.

"என்ன விலைன்னாலும் வாங்கு, இப்பவே வாங்கு" என்றான்.

"அடக் கடவுளே, பச்சைப் பிள்ளையா நீங்க? ஏலம் ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு முடியுது. கடைசி அஞ்சு நிமிஷம் வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும். நாம ஆசைப்படறது தெரிஞ்சா நாலு பேர் வந்து சேர்ந்துருவாங்க. பழைய கேமரான்னா முதல்ல விக்கிறவன் மதிப்பெண்ணைப் பார்க்கணும், அப்புறம் உள்ளே எப்படி இருக்குன்னு கேக்கணும். வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே பூஞ்சை பிடிச்சுக் கிடக்கும். என்கிட்ட விடுங்க."

விற்கிறவன் வடக்கே ஆப்பிள் விளையும் ஊர்க்காரன். ஆயிரத்துக்கு மேல் நல்ல மதிப்பெண். மினெக்கோ அங்கேயே நின்று, கட்டைவிரலால் கேள்வியைத் தட்டிவிட்டாள்: "தொந்தரவுக்கு மன்னிக்கவும். உள்பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க முடியுமா?" எந்தக் கேமராவுக்கும் எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஹிசாவோ அப்போது கரியைக் கிளறப் போயிருந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. மினெக்கோ அடுப்படிக்குள் வந்து படித்துக் காட்டினாள். "எனக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீடு காலி செய்த இடத்திலிருந்து வந்தது. நீங்கள் நிம்மதியாக வாங்க வேண்டும் என்பதால், பின்பக்க மூடியைத் திறந்து உள்ளே படம் எடுத்துப் போடட்டுமா?"

ஹிசாவோவின் கையிலிருந்த மீன் கம்பி கரிக்குள் விழுந்தது. "ஐயோ, திறக்கக் கூடாது! உள்ளே ஃபிலிம் இருக்கு! வெளிச்சம் பட்டா எல்லாம் போயிரும்!"

அப்போதுதான் அவன் எல்லாவற்றையும் சொன்னான். பருந்து, சோற்று உருண்டை, பதினேழாவது படம். சொல்லி முடித்தபோது விலாங்கு ஒரு பக்கம் கருகிவிட்டது. மினெக்கோ இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவனைத் திட்டினாள்.

"ஏழு மாசம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நான் அந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டேனே!"

"இப்ப எழுது. திறக்காதேன்னு எழுது."

"அப்படி எழுத முடியாது ஹிசாவோ-சான். கேள்வி பதில் எல்லாம் ஊரே படிக்கும். உள்ளே ஃபிலிம் இருக்குன்னு எழுதினா அதுக்குன்னே அலையறவனுங்க வருவானுங்க. செத்தவங்க ஃபிலிமைக் கழுவிப் பார்க்கறதுக்குன்னே வாங்கறானுங்க, தெரியுமா? என்ன விலையானாலும் விட மாட்டானுங்க."

"ஃபிலிம்னு சொல்ல வேண்டாம். திறக்காதேன்னு மட்டும்."

"முகம் தெரியாத ஆளு, உதவி செய்றேன்னு வர்றாரு. திறக்காதேன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரியா எழுதறது?"

அதுவும் சரிதான் என்று ஹிசாவோவுக்குத் தோன்றியது. அவனே இத்தனை வருடத்தில் யாரையும் மூஞ்சியில் அடித்தமாதிரிப் பேசியவன் இல்லை. இருவரும் மீன் வெட்டும் பலகைமேல் தலையைச் சாய்த்துப் பத்து நிமிடம் யோசித்து எழுதினார்கள்: "தங்கள் அக்கறைக்கு மனமார்ந்த நன்றி. உள்பக்கப் படம் இருக்கட்டும்." 'மனமார்ந்த' என்பது ஹிசாவோ சேர்த்தது.

இந்த ஊரில் 'கெக்கோ' என்று ஒரு சொல் உண்டு. அப்படியே நம்முடைய 'இருக்கட்டும்'. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்றால் இருக்கட்டும், வேண்டாம் என்று பொருள். இந்தக் குடை இங்கேயே இருக்கலாமா என்றால் இருக்கட்டும், சரி என்று பொருள். சொல்கிறவன் முகத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். கைபேசியில் முகத்துக்கு எங்கே போவது? அதுவும் மனமார்ந்த நன்றியை முன்னால் வைத்துவிட்டு!

அன்று சாயங்காலம் கடை திறக்கும் முன்பு ஹிசாவோ அவளைத் தேடி வந்தான். "அந்த ஆளு தப்பாப் புரிஞ்சுக்கிட்டா? இன்னொரு தடவை எழுதிடலாமா?"

"மூணாவது தடவையா? சும்மா தொணதொணக்கிறான்னு நம்மளைத் தடுத்து வச்சிருவாரு. அப்புறம் ஏலமே கேக்க முடியாது. அவரு பெரிய மனுஷன், ஆயிரம் பேர் நல்லவர்னு சொல்லியிருக்காங்க. புரிஞ்சுக்குவாரு."

ஹிசாவோ சரி என்று தலையாட்டினான். தடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. வேறு என்ன செய்வான்? அவனுக்கு அந்தத் தளத்தில் நுழையக்கூடத் தெரியாது.

சனிக்கிழமை மதியம் மினெக்கோ கைபேசியை நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவனே வாங்கிப் பார்த்தான்.

புதிதாக நான்கு படங்கள். ஜன்னலோரம், வெள்ளைத் துணி விரித்து, நல்ல அக்டோபர் வெயில். கேமராவின் பின்மூடி ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே ஃபிலிம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விறைப்பாக நீண்டு பளபளத்தது. நேராக ஒன்று, இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. கீழே விற்கிறவன் எழுதியிருந்தான்: "தாங்கள் விரும்பியபடி நல்ல வெளிச்சத்தில் தெளிவாக எடுத்திருக்கிறேன். பூஞ்சை இல்லை. பழைய ஃபிலிம் ஒன்று இருக்கிறது. அதை நான் தொடவே இல்லை."

ஹிசாவோ விரலால் அந்தப் படத்தின் மூடியை மூடப் பார்த்தான். கண்ணாடிமேல் விரல் சும்மா வழுக்கியது. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், நேற்றோ இன்று காலையோ, வெயில் அவள் முகத்தில் விழுந்து முடிந்துவிட்டது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"என்னை நாலு அறை அறைங்க" என்றாள் மினெக்கோ.

"நீ என்ன செய்வே. நன்றி சொன்னது நான்தானே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வேறு யாரும் ஏலம் கேட்கவில்லை. ஆரம்ப விலைக்கே கிடைத்தது. கடைசி ஐந்து நிமிடம் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது வீண். புதன்கிழமை பெட்டி வந்தது. மூன்று சுற்றுக் காற்றுக்குமிழ்த் தாள், மூலைக்கு மூலை அட்டை, வழியில் ஒரு கீறல் விழாமல். கூடவே இரண்டு ஆப்பிள், கையால் எழுதிய சீட்டு. இவ்வளவு நல்லவனாக இல்லாமல் ஒரு திருடனாக இருந்திருந்தால் மூடியைத் திறந்திருக்க மாட்டான் என்று ஹிசாவோவுக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டு ஒரு ஆப்பிளைத் தின்றான்.

ரயில் நிலையத்தடியில் படம் கழுவும் கடைக்காரர் கேமராவை வாங்கி, கதையைக் கேட்டு, தாடையைச் சொறிந்தார்.

"எல்லாம் போயிருக்காது. பாயைச் சுருட்டற மாதிரிதான் இது. முதல்ல எடுத்தது உள்ளே உள்ளே போயிரும். மேலே இருக்கறதுலதான் வெயில் படும். உள்சுத்துல இருக்கறது பிழைச்சிருக்கலாம்."

"கடைசியா எடுத்தது?"

அவர் குனிந்து சீட்டு எழுதினார்.

வெள்ளிக்கிழமை போனான். உறைக்குள் ஒன்பது படங்கள். ஓரமெல்லாம் செம்மஞ்சளாக எரிந்து, நடுவில் மட்டும் தெளிவு. ஒன்றில் ஹிசாவோ விசிறியால் கரியை விசிறுகிறான். ஒன்றில் வாயைத் திறந்து தூங்குகிறான். ஒன்றில் காலுறையின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முதுகு ஒன்று, பின்கழுத்து ஒன்று. அவளுக்கு அவன் பின்கழுத்தில் என்ன இருந்ததோ, அவ்வளவு கிட்டப் போய் எடுத்திருக்கிறாள். ஒன்பதிலும் அவனே. பத்திலிருந்து பதினேழு வரை ஒரே வெள்ளை. கடைக்காரர் அவற்றையும் தாளில் போட்டுக் கொடுத்திருந்தார், காசு வாங்கவில்லை. பதினேழாவதை ஹிசாவோ வெளிச்சத்தில் தூக்கி, திருப்பி, சாய்த்துப் பார்த்தான். பருந்துகூட இல்லை. அவள் பார்த்ததெல்லாம் இருந்தது, அவளைக் காணோம். கடை வாசலில் நின்றே அழுதான். போகிறவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மதிய இடைவேளையில் மினெக்கோ கைபேசியோடு வந்தாள். விற்றவனுக்கு மதிப்பெண் போட வேண்டும், போடாமல் இழுத்தால் மரியாதை இல்லை. அவன் ஏற்கெனவே இவர்களுக்குப் போட்டுவிட்டான்: "தேவையைத் தெளிவாகச் சொல்லும் அருமையான வாங்குநர்." மினெக்கோவின் நானூற்றுப் பதின்மூன்றாவது நல்ல மதிப்பெண் அது. அதை அவள் பெருமையாகப் படிக்கவில்லை.

"மிக நல்லவர்னு போடவா? இல்ல, நடந்ததை எழுதட்டுமா? ஃபிலிமை வெயில்ல திறந்துட்டாருன்னு?"

ஹிசாவோ கரியை ஊதிக்கொண்டிருந்தான். புகை கண்ணில் ஏறியது.

"இருக்கட்டும்" என்றான்.

மினெக்கோவின் கட்டைவிரல் கண்ணாடிமேல் நின்றது. அவன் பின்கழுத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எந்த இருக்கட்டும் ஹிசாவோ-சான்? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

அவன் திரும்பவில்லை.