வெள்ளைத் தாளில் அண்ணன் பார்த்தது

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதியில் நின்றுபோன ஒரு வாக்கியத்திலிருந்து கிடைத்தது. வாக்கியம் என்னுடையதல்ல. எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் உமாசங்கருடையது.

2010இல் மாட்டுப் பொங்கலன்று சூரிய கிரகணம். ஹைதராபாத்தில் எங்கள் ஏ.எஸ்.ராவ் நகரில் அந்த வாரம் முழுக்க எல்லா மொட்டை மாடியிலும் பட்டம் விடுவார்கள். அன்று மட்டும் கிரகணத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாடியில் சங்கரும் நானும்தான். சின்னத் தொலைநோக்கி ஒன்றை வைத்து, சூரியனை ஒரு வெள்ளைத் தாளில் விழவைத்திருந்தான். நான் அவன் கொடுத்த கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தேன், கீழே தாளைப் பார்த்தேன்.

“ஏன் சங்கர், மேல இந்தப் பக்கம் கடிச்சிருக்கு, தாள்ல அந்தப் பக்கம் கடிச்சிருக்கே?”

“பேப்பர்ல எடம் வலம் மாறித்தானுங்க்கா விழும், கண்ணாடில பாக்கற மாதிரி. அதனால நெசத்துல வலதுல இருந்து எடதுக்குப் போனா, இதுல எடதுல இருந்து...”

அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். கிரகணத்தை அதற்குமேல் அவன் பார்க்கவில்லை.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

“உமாசங்கர் சூரியனைக் காதலித்தான்.” (அடித்துவிட்டேன். சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது.)

“அண்ணன் தம்பி என்றால்” (இதை முடிக்கத் தெரியவில்லை. எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.)

மூன்றாவது கட்டுரை போல இருக்கிறது, ஆனால் உபயோகமானது: விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றும்போது எப்போதாவது சூரியனுக்குக் குறுக்கே போகும். கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. அதைப் படமெடுக்க நினைப்பவன் வீட்டிலிருந்தே எடுத்துவிட முடியாது. ஊருக்குக் குறுக்கே சில கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை விழும். அதற்குள் நிற்பவனுக்குத்தான் அது தெரியும். பட்டை எங்கே விழும் என்று கணினி சொல்லிவிடும்.

சங்கருக்குச் சொன்னது. 2009இல் ஒரு ஞாயிறு காலை, பட்டையின் நட்டநடுக்கோடு காஞ்சன்பாக் வழியாகப் போகிறது.

அங்கே அவன் அண்ணன் தண்டபாணியின் குவார்ட்டர்ஸ் இருந்தது. இரண்டு வருஷமாக அவர்களுக்குள் பேச்சு இல்லை. இரண்டு வருஷமாக அவர்களுக்குள் பேச்சு இல்லை.

(* ராணுவ ஆராய்ச்சிக்கூடங்கள் இருக்கும் பகுதி. நீளக் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு தெரியாத வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.)

3

பேச்சு நின்றது அவர்கள் அம்மா இறந்தபோது.

சங்கர் கம்பெனி அனுப்பி அமெரிக்காவில் இருந்தான். உடுமலைப்பேட்டையில் படுக்கையில் கிடந்த அம்மாவை லீவு போட்டுப் போய்ப் பார்த்துக்கொண்டது தண்டபாணி. எல்லாம் முடிந்த பிறகுதான் தம்பிக்கு போன் போனது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “அம்மாதான் வேண்டாம்னாங்க. அவன் வேலைய முடிச்சுட்டு வரட்டும், அலைக்கழிக்காதேன்னாங்க” என்றார் அண்ணன். அம்மா அதைச் சொன்னபோது அறையில் வேறு யாரும் இல்லை.

சங்கர் நம்பவில்லை. தனக்குச் சொல்ல மறந்துவிட்டதை மறைக்க அண்ணன் சொல்லும் கதை என்றே நினைத்தான். நினைத்ததோடு விடாமல் பதினாறாம் நாள் சொந்தக்காரர்களுக்கு நடுவில் சொல்லியும் விட்டான்.

(“நக்கோ பாமா” என்றார் என் கணவர் வாசு, இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு. “அவங்க வீட்டு சண்டைல உனக்கு கைக்கு இவ்ளோ அக்கறை?” நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு; மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ் அப்படித்தான் பேசும். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எழுதுகிறேன்.)

4

படத்துக்காகத்தான் போனேன் என்கிறான் சங்கர். நான் நம்பவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போக அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, ஆகாயத்திலிருந்து ஒன்று கிடைத்தது. இது என் ஊகம், கதாசிரியருக்கு இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி.

தண்டபாணி கதவைத் திறந்தார். குழாயைப் பார்த்தார். “மேல போலாம் வா, வெயிலு ஏறுது” என்றார். அண்ணி காபி கொடுத்துவிட்டாள். பெரிய தொலைநோக்கியில் கேமராவை மாட்டிக்கொண்டு சங்கர் நின்றான். சின்னதை அண்ணனுக்கு வைத்து, வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொன்னான்.

“வலதுல இருந்து எடதுக்குப் போகுங்ண்ணா. கண்ணச் சிமிட்டிராதீங்க.”

“சரி. நேரத்த நான் எண்ணறேன், நீ உன் வேலையப் பாரு.”

பரபரப்பில் சங்கர் முன்னாலேயே அழுத்திவிட்டான். அந்தக் காலத்துக் கேமரா மளமளவென்று கொஞ்சம் படங்களை எடுத்துத் தள்ளும், பிறகு அவற்றைச் சேமித்து முடிக்கும்வரை திக்கி நிற்கும். நிலையம் கடந்தது அந்த இடைவெளியில். எல்லாப் படத்திலும் சூரியன் மட்டும் இருந்தது.

“நான் பாத்தன்டா சங்கரு” என்றார் தண்டபாணி. சின்னப் பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்திருந்ததாம். “கறுப்பா, எள்ளாட்டம். எடப்பக்கம் நுழைஞ்சு வலப்பக்கம் போயிருச்சு.”

“எடதுல இருந்து வலதுக்கா?”

“ஆமாண்டா.”

“அப்படிப் போகவே போகாதுங்ண்ணா. என்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்றீங்க. அம்மா விசயத்துலயும் இப்படித்தான் சொன்னீங்க.”

தண்டபாணி தாளை மடித்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். வெயில் படாமல் சாமான்களைக் கட்ட உதவினார். வாசல்வரை வந்தார்.

5

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். வருஷக்கணக்காக வானம் பார்ப்பவனுக்குத் தாளில் இடம் வலம் மாறும் என்பது, கிரகணத்தன்று என்னிடம் சொல்லும்வரை, மறந்துபோயிருக்குமா? சங்கரிடமே கேட்டேன்.

“கோவத்துல மறந்துட்டனுங்க்கா. நம்பக் கூடாதுன்னு ஏற்கனவே முடிவு பண்ணி வெச்சிருந்தேன் போல.”

இதைவிட நல்ல விளக்கம் என் கற்பனைக்கு எட்டவில்லை. பொய் சொல்கிறவர் என்றால் தண்டபாணி, தம்பி முன்கூட்டியே சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லியிருப்பார். வலமிருந்து இடம் என்று. இடமிருந்து வலம் என்று சொல்ல, தாளில் அதைப் பார்த்த ஒருவரால்தான் முடியும். கண்ணால் கண்டதை மாற்றாமல் சொன்னார், அதற்காகவே பொய்யர் ஆனார்.

அப்படியென்றால் அம்மா சொன்னதாகச் சொன்னதும்

(இந்த வாக்கியத்தையும் சங்கர் முடிக்கவில்லை. நான் முடிப்பது முறையல்ல.)

6

முடிவுகள்.

(அ) சங்கர் காஞ்சன்பாக் போகிறான், அண்ணன் கட்டிக்கொள்கிறார். எழுதி, கிழித்துவிட்டேன். தண்டபாணியை நான் பார்த்ததே இல்லை. அவர் கையை நான் எப்படித் தூக்கிவைப்பேன்?

(ஆ) சங்கர் போகிறான், குவார்ட்டர்ஸ் வாசலில் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்துகிறான், திரும்பிவிடுகிறான். இது கற்பனை இல்லை. இரண்டு முறை நடந்தது.

“ஸ்பேஸ் ஸ்டேஷன் விசயத்துக்கு மன்னிப்புக் கேட்டர்லாமுங்க்கா. அம்மா விசயத்துக்கு எப்படிக் கேக்கறது? அத்தனை பேருக்கு முன்னால சொன்னேன். நீங்களே நான் போய்ப் பேசிட்டதா எழுதிருங்க.”

முடியாது என்றேன். எழுதினால் கதை நன்றாக முடியும். அவன் போகாமலே இருந்துவிடுவான். எனக்கு அது துக்கமாக இருக்கிறது, ஒளிப்பானேன்.

வேறொன்று செய்கிறேன், அவன் சம்மதத்தோடு. இந்தக் கதை செகந்திராபாத்தில் எங்கள் தமிழ் நண்பர்கள் போடும் ஆண்டு மலரில் வருகிறது. பேர்களை மாற்றியிருக்கிறேன். மலர் காஞ்சன்பாக்கில் உள்ள தமிழ் வீடுகளுக்கும் போகும்.

மற்ற வாசகர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இனி ஒருவருக்கு மட்டும்.

ஐயா, நீங்கள் தாளில் பார்த்தது சரி. உங்கள் தம்பிக்கு இப்போது தெரியும். உங்கள் அம்மா சொன்னதையும் நம்புகிறான், வாயால் சொல்லத்தான் வரவில்லை. அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்க முடியாது, கேட்கவும் இல்லை. கேட்பதற்கு அவனுக்கு ஒரு வழி விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். முடியாது என்று நீங்கள் நினைத்தால் அதுவும் நியாயம்தான், கதையை அப்படியே மூடிவைத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில்தான் இருக்கிறான்.