போன வருசத்து ஏற்றம்

கஞ்சியோடு வந்த கரண்டியை அகமது மீரான் கையால் தள்ளினார். "அது கெடக்கட்டும். ரெண்டாவது ஃபண்டை வாசி."

ரைஹானத் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். சவுதியில் தம்மாமில் பல வருடம் ஏசி பழுதுபார்த்தவர் அவள் கணவர். இதயம் தளர்ந்துவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்த ஊரான மேலப்பாளையத்துக்கு வந்ததும் சேமிப்பை அவள் கணக்குக்கு மாற்றினார். அன்றிலிருந்து வெளிநாட்டுப் பங்குகள்தான் பேச்சு.

"நான் வெளிநாட்டுக்காரனுவளுக்கு உழைச்சேன். இனி அவனுவ கம்பெனி நமக்கு உழைக்கட்டும்" என்பார்.

வட்டித் தொழிலும் சாராயத் தொழிலும் கலக்காத ஃபண்டுகளாகத் தேடியதில் இரண்டு மிஞ்சின.

"இது பல நாட்டுக் கம்பெனியள்ல பிரிச்சுப் போடுதாவ. வருசாவருசம் நம்ம பணத்துல பிடிக்குத செலவும் கொறச்சல்."

"ஏத்தம்?"

"போன வருசம் சுமார்தான்."

"மொதல்ல வாசிச்சது எப்படி ஏறியிருக்கு பாத்தியா! இப்ராஹிமும் அதத்தான் சொல்லுதான்."

முகம்மது இப்ராஹிம் அவருடைய தம்பி. வள்ளியூரில் செல்போன் கடை. ஃபண்டு ஏஜெண்டும் அவன்தான்.

"அது அமெரிக்காவுல நாலஞ்சு பெரிய கம்பெனிய நம்பி நிக்கி. போன வருசம் ஏறுனது வார வருசமும் ஏறும்னு யாரு கண்டா? ஆனா செலவுப் பணத்த ஃபண்டு ஏறுனாலும் பிடிப்பாவ, எறங்குனாலும் பிடிப்பாவ."

அவர் சிரித்தார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். சரி, தண்ணி தா."

அவள் தண்ணீருடன் திரும்பியபோது அந்தச் சிரிப்பு முகத்தில் மிச்சமிருந்தது. மூச்சு இல்லை.

"ஏங்க," என்றாள். மறுபடி கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ஓதி முடித்து எல்லோரும் கலைந்த பிறகும் இப்ராஹிம் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தான். கணவனை இழந்தவள் வெளியார் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் இருந்த ரைஹானத் உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"மைனி, இப்ப பேசக் கூடாதுதான். அண்ணன் மனசுல அந்த அமெரிக்க ஃபண்டுதான் இருந்துச்சு. அவரு ஆசைய முடிச்சு வைக்கணும்லா. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."



"அவரு ஆசையெல்லாம் நாங்க கஷ்டப்படக் கூடாதுங்கதுதான் தம்பி. மவ ஸமீஹாவுக்கு வார வருசம் காலேஜ். அந்தச் செலவுக்குள்ள பணத்த ரெண்டு ஃபண்டுலயும் போட மாட்டேன், பேங்குல சும்மா கெடக்கட்டும். ஃபண்டு எறங்கிக் கெடக்குத நேரத்துல பீஸ் கட்டச் சொன்னா நான் எங்க போவேன்? மிச்சத்த பல நாட்டு ஃபண்டுல மாசாமாசம் பைய போடுதேன். அவ கல்யாணம் வரைக்கும் தொட மாட்டேன்."

"அதுல என்ன ஏறப் போவுது மைனி? நாலு பேருட்ட கேட்டுப் பாருங்க."

"பேச வேண்டியவருட்ட பேசியாச்சு."

அவன் கொண்டுவந்த படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"ஏஜெண்டா நீங்களே இருங்க. ஃபண்டு நான் சொல்லுததுதான்."

"சரி மைனி," என்று எழுந்தான். "வாரேன்."

"வெறும் வயித்தோட போவாதீய. இரிங்க, சோறாக்குதேன்."

மூன்று நாளாகச் சோறு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்துதான் வந்தது. அந்தப் பாத்திரங்களை ஸமீஹா துலக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ரைஹானத் அடுப்பைப் பற்றவைத்து உலையேற்றினாள். எப்போதும்போல் ஆளுக்கு ஒரு ஆழாக்கு அரிசி. ஒன்று அளந்தாள், இன்னொன்று அளந்தாள். மூன்றாவதை அள்ளிய கை அரிசிப் பானைக்குள்ளேயே நின்றது. நடுவீட்டில் இப்ராஹிம் இருமும் சத்தம் கேட்டது. அதையும் அளந்து போட்டாள்.