பத்துப் பேருக்கு ஒரே ரிசல்ட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், வேம்புலி மிளகாய் பஜ்ஜியைக் கடித்தால் பத்துப் பேருக்கு விக்கல் எடுக்கும். மெடிக்கல் கேம்ப் நடந்த வாரத்திலிருந்து இப்படித்தான்.

கேம்ப் என்றால், ஊழியர் நலம் என்று பேனர் கட்டி, ஆளுக்கொரு டீ ஷர்ட் கொடுத்து, வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியே எல்லோரையும் சோதிப்பது. சிறுநீரில் சர்க்கரை தெரிந்தால் ஆளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள்; அங்கே ஓவர்டைம் கிடையாது. ஆகவே சர்க்கரை உள்ள ஒன்பது பேர் காலிக் கோப்பையோடு கழிவறை வாசலில் வேம்புலியைச் சூழ்ந்துகொண்டார்கள். அயனம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற ஒல்லி மனிதர் அவர். ஒரு மாத்திரை விழுங்கியது கிடையாது.

"மச்சான், இதையும் ரொப்பிக் குடு," என்றார் வேலுசாமி. ஷாப்பிலேயே மூத்த ஆபரேட்டர்.

"நான் இன்னா தண்ணி லாரியா?" என்று கேட்டாலும், கேன்டீன் தண்ணீரைக் குடித்துக் குடித்து வேம்புலி ரொப்பத்தான் செய்தார்.

ரிசல்ட் பத்தும் ஒன்றுபோல வந்தன. மறுநாளே உடம்புகளும் ரிசல்ட்டுக்குக் கட்டுப்பட்டுவிட்டன. பத்து நாடியும் ஒரே தாளத்தில் துடித்தன. வேலுசாமியின் கால் விரலில் மாதக்கணக்காக ஆறாத புண், மொட்டை மாடியில் போட்ட துணி மாதிரி காய்ந்தது. ஆயுத பூஜைக்கு வேம்புலி இரண்டு ஜாங்கிரி தின்றார். சாயங்காலத்துக்குள் அந்தப் புண் திரும்ப வாய் திறந்தது.

வேலுசாமியின் மனைவி பத்மா திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வேம்புலி வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். "அண்ணே, நீங்க துன்றது எங்க ஊட்டுக்காரர் கால்ல போயி நிக்குது. வெரல எடுக்கணும்னு டாக்டரு சொல்லிகினு கீறாரு. பாத்து துன்னுங்க." பிறகு மற்ற வீட்டுப் பெண்களும் முறைபோட்டு வந்து சட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

"என் அடுப்புக்கு எத்தினி சூப்பர்வைசரு?" என்றாள் வேம்புலியின் மனைவி வடிவு.

அந்த வருஷம் முழுக்கக் கேழ்வரகுக் கூழும் சுண்டலும்தான். வேம்புலி ஸ்வீட் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி மூச்சை மட்டும் இழுப்பார்; பத்து நாக்கில் எச்சில் ஊறும். அடுத்த கேம்ப்பும் வந்தது.

"இந்த தபா அவனவன் கோப்பைய அவனவன் ரொப்பிக்கோ மாமே. என்னால முடியல," என்றார் வேம்புலி.

கோப்பை பிரிந்தால் உடம்பும் பிரிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். வேலுசாமி ஷூவைக் கழற்றி, ஐந்து விரலும் இருக்கிற காலை முன்னால் வைத்தார்.

வேம்புலி அந்த விரல்களை ஒருமுறை எண்ணினார். பிறகு ஒவ்வொரு கோப்பையாக வாங்கிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம மட்டும் என் வாயி என்னுது. நான் துன்றத நீங்க நடந்து கரைச்சிடணும்."

ஞாயிறு காலையில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒன்பது ஆண்கள் விறுவிறுவென்று சுற்றுவார்கள், வேலுசாமி முன்னால். ஒருவர் சட்டையும் நனையாது. கரையில் உட்கார்ந்து ஜாங்கிரி தின்கிற வேம்புலிக்குத்தான் வியர்த்துக் கொட்டும். டீ விற்கிற தாயம்மா அவரிடம் துண்டை நீட்டுவாள்.

"அவங்களுக்கு இன்னும் ஒரு ரவுண்டு கீது நைனா. இன்னொண்ணு துன்னு."