மூன்று செவ்வாய்க்கிழமைகள்

சிறார் நீதிமன்றத்தில் நன்னடத்தை ஆலோசகர்கள் ஆறு பேருக்கு அவள் மேற்பார்வையாளர். தப்புச் செய்த பிள்ளைகளை உள்ளே தள்ளாமல், வீட்டில் இருந்தே திருந்தட்டும் என்று நீதிபதி அனுப்பிவைப்பார். வாரம் ஒருமுறை அவர்களைச் சந்தித்துப் பேசி அறிக்கை எழுதுவது ஆலோசகர்களின் வேலை. அதை வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

ஆறு பேரில் ஒருவர் மட்டும் அவளைவிட வயதில் மூத்தவர். அடிக்கோடு போடுவதற்குக்கூட அளவுகோலைத் தேடுகிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். அது அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை.

புதன்கிழமை மதியம் ஸ்கேல் ஓர் அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதினைந்து வயதுப் பெண். பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியவள். செவ்வாய்தோறும் நாலு மணிக்கு ஆலோசகரைப் பார்க்க வரவேண்டும் என்பது உத்தரவு. மூன்று செவ்வாய் வரவில்லை. சிறார் இல்லத்துக்கு அனுப்பலாம் என்று பரிந்துரைத்திருந்தார். மறுநாள் காலை விசாரணை.

“போன் பண்ணிப் பாத்தீங்களா சார்?”

“அஞ்சு தடவை மேடம். சுவிட்ச் ஆஃப்.”

“வீட்டுக்குப் போனீங்களா?”

“முப்பத்தெட்டுப் பிள்ளைங்க என் தலையில. வீடு வீடா ஏறி இறங்க நான் என்ன தபால்காரனா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த முப்பத்தெட்டையும் அவர் தலையில் கட்டியவள் அவள்தான். பேனாவை மூடி வைத்தாள்.

“சாயங்காலம் போவோம் சார். நானும் வர்றேன். ஒரு பொண்ண உள்ள வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, அவ மூஞ்சியையாவது பாத்துடறேன்.”

வீடு ஒரு சலவைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. படியேறும் வழியெல்லாம் சோப்பு வாசனையும் வெந்நீர் ஆவியும். கதவைத் திறந்த அம்மாவுக்கு ஸ்கேலைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

“ஐயோ, மறுபடியும் என்ன பண்ணித் தொலைச்சா?”

“ஒண்ணும் பண்ணலம்மா. வரவே இல்ல, அதான். மூணு வாரமா,” என்றார் ஸ்கேல்.

“வரலையா? செவ்வாய்க்கிழமையானா ஸ்கூல் விட்டு நேரா உங்க ஆஃபீஸ்தானே போறா! முதல் வாரம் நானே கொண்டுபோய் வாசல்ல விட்டேனே!”

எல்லா அம்மாவும் சொல்வதுதான் என்பது போல ஸ்கேல் மேற்பார்வையாளரைப் பார்த்தார். அதற்குள் உள்ளறையிலிருந்து அந்தப் பெண்ணே வெளியே வந்தாள்.

“நான் வந்தேன். நீங்கதான் சார் இல்ல. வாட்ச்மேன் நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு உக்கார வச்சாரு. ஒரு மணி நேரம் பாத்துட்டுத் திரும்பி வந்தேன்.”

“நம்ம ஆஃபீஸுக்கு ஏதும்மா வாட்ச்மேன்?” என்றார் ஸ்கேல்.

அந்தப் பெண் உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்துவந்து நீட்டினாள். மேற்பார்வையாளர் வாங்கிப் படித்தாள். தலைப்பில் அலுவலகத்தின் புதிய முகவரி சரியாகத்தான் இருந்தது. கீழே, ‘வரவேண்டிய இடம்’ என்ற வரியில், இரண்டு மாதத்துக்கு முன் காலி செய்த பழைய கட்டடத்தின் முகவரி. அதற்கும் கீழே மேற்பார்வையாளர் என்று அவளே போட்ட கையெழுத்து. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“உங்க போன் என்னம்மா ஆச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

“தண்ணியில விழுந்துடுச்சுங்க,” என்றாள் அம்மா.

அங்கிருந்து இருவரும் நேரே பழைய கட்டடத்துக்குப் போனார்கள். இப்போது அது கோப்புகளைப் போட்டு வைக்கும் கிடங்கு. காவலாளி நோட்டைப் புரட்டிக் காட்டினார். மூன்று செவ்வாயும் நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே குண்டு குண்டு எழுத்தில் அந்தப் பெண்ணின் பெயர்.

“அது பாட்டுக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருக்கும். லெட்டர்ல இந்த இடம்தான் போட்டிருந்துச்சு, ஃபைல் எடுக்க யாராவது வந்தா கேட்டுச் சொல்றேன்னேன். எவன் வர்றான் இங்க?” என்றார்.

வெளியே வந்ததும் ஸ்கேல், “வீட்டுக்குப் போகாதது என் தப்பு மேடம். கோர்ட்ல நானே சொல்லிடறேன்,” என்றார்.

“அத நீங்க சொல்லுங்க சார். லெட்டர் என்னோடது, அத நான் சொல்றேன்.”

மறுநாள் விசாரணையில் இருவரும் அப்படியே சொன்னார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“இதே லெட்டர் இன்னும் எத்தன பேருக்குப் போயிருக்கு?”

“இந்தப் பொண்ணையும் சேத்து ஒன்பது பேருக்கு ஐயா. காலையிலயே எல்லார்கிட்டயும் விசாரிச்சாச்சு. மத்தவங்களுக்கு இடம் மாறினது எப்படியோ தெரிஞ்சிருக்கு,” என்றாள் மேற்பார்வையாளர்.

“எழுத்துல விளக்கம் குடுங்க,” என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டுப் பெண்ணின் பக்கம் திரும்பினார். “நீ ஏதாவது சொல்லணுமாம்மா?”

அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். “நான் தப்பு பண்ணப்போ அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டீங்க. ஒழுங்கா வந்தப்போ கண்டுபிடிக்க மூணு வாரம் ஆச்சு.”

அம்மா அவள் கையை நறுக்கென்று கிள்ளினாள். முதலில் சிரித்தவர் நீதிபதிதான். மூன்று செவ்வாயும் வந்ததாகவே கணக்கு என்று உத்தரவு எழுதினார்.

வெளியே தாழ்வாரத்தில் ஸ்கேல் அந்தப் பெண்ணிடம் போனார். மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஆமா, ஸ்கூட்டர் ஓட்ட யாரு உனக்குக் கத்துக்குடுத்தா?” என்றார்.

“யாரும் இல்ல சார். அதனாலதான் சுவத்துல முட்டுச்சு.”

ஸ்கேல் வாய்விட்டுச் சிரித்ததை மேற்பார்வையாளர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். அவரும் அந்தப் பெண்ணும் பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். அம்மா வேலைக்கு நேரமாகிறது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, “நீ பேசிட்டு வா,” என்று கிளம்பிப் போனாள்.

பிற்பகலில் மேற்பார்வையாளர் விளக்கக் கடிதத்தை எழுதி அனுப்பினாள். ஸ்கேலின் பட்டியலிலிருந்து பத்துப் பிள்ளைகளைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். அதில் இரண்டு பேரின் வீட்டுக்கு அன்றே போய்வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே, “பசி உயிர் போகுது, என்ன இருக்கு?” என்றாள். கணவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன, இன்னைக்கு மேடம் முகத்துல இவ்வளவு வெளிச்சம்?”

“கோர்ட்ல எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினேன்.”

“அதுக்கா?”

“உக்காருங்க, சொல்றேன்,” என்று தட்டை எடுத்தாள்.