முன்னாளுக்கு எத்தனை மார்க்

ஜனாதிபதியாக இருந்த காலத்தில் அவர் வீட்டுத் தொலைபேசி மணியடித்தால் எடுப்பதற்கு ஒரு பட்டாளமே ஓடும். இப்போது அது அடிப்பதே அபூர்வம். அடித்தால் அவரேதான் ஓடுகிறார். பதவி போன மறுநாளே மனைவி அவருக்கு 'முன்னாள்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார். "முன்னாள் குளிச்சாச்சா?", "முன்னாளோட கண்ணாடியை யாராவது பார்த்தீங்களா?" என்று வீடு முழுக்க அதே பேச்சுதான். வைத்தவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், தப்பாக வைப்பாரா? நாமும் அப்படியே அழைத்துவிட்டுப் போவோம்.

அன்று காலையிலிருந்தே முன்னாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் தேர்தலில் நில்லுங்கள் என்று கட்சிக்காரர்கள் கொஞ்ச நாளாகவே பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் கட்சிச் செயலாளர் நேரிலேயே வந்து பதிலை வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நிற்க ஆசைதான், யாருக்கு இருக்காது? ஆனால் ஜனங்கள் தன்னைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமல் எப்படி நிற்பது? தெருவில் பார்ப்பவர்கள் கை குலுக்கி, தோளோடு தோள் ஒட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதோடு சரி. மனைவியிடம் கேட்கலாம். அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்பதால் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

ஒரு பெண் எழுதி வைத்ததைப் படிக்கிற குரலில் பேசினாள். கருத்துக்கணிப்பு நிறுவனத்திலிருந்து பேசுகிறாளாம். முன்னாள் ஜனாதிபதியின் குணநலன்களைப் பற்றியும், அவர் நாட்டுக்கு விட்டுச் சென்றதைப் பற்றியும் பொதுமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கிறார்களாம். கொஞ்ச நேரம் ஒதுக்க முடியுமா என்றாள்.

முன்னாளுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்திலேயே அவருக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை இப்போதுதான் ஒருத்தி கேட்கிறாள். தான் யார் என்று மூச்சு விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்மா என்றார்.

"சார், உங்க வீட்டுல பதினெட்டு வயசு தாண்டினவங்கள்ல அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருது? அவங்ககிட்ட மட்டும்தான் கேக்கணும்" என்றாள் அந்தப் பெண்.

இது அவர்கள் தொழிலில் ஒரு விதி. இல்லாவிட்டால் போனைப் பாய்ந்து எடுக்கிற வாயாடிகளின் கருத்தே நாட்டின் கருத்தாகிவிடும் அல்லவா? முன்னாள் ஒரு நொடி தயங்கினார். அவர் பிறந்தநாள் வந்துபோய் இன்னும் கேக்கின் மிச்சம் கூடத் தீரவில்லை.

"எனக்குத்தான்" என்றார்.

"எனக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். துடைக்கிற துணியோடு மனைவி நின்றுகொண்டிருந்தார். பரீட்சையில் பிட் அடிக்கிற மாணவனைக் கையும் களவுமாகப் பிடித்த டீச்சரின் முகம். முன்னாள் கையிலிருந்த ரிசீவர் எப்படி அவர் கைக்குப் போனது என்று முன்னாளுக்கே தெரியவில்லை.

"அடுத்த வாரம் எனக்குத்தாம்மா பிறந்தநாள். முதல்ல பேசினவர் கொஞ்சம் பொய் சொல்லிட்டார். நீ கேளு" என்றார். நீங்கள் யார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்கு டீச்சர் பதில் சொல்லவும் இல்லை. ஒற்றை விரலால் கணவருக்கு வாசலைக் காட்டி, கதவைச் சாத்திவிட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் மெய்க்காவலர் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். பட்டாளம் போனபின் அரசாங்கம் மிச்சம் வைத்தது இவர் ஒருவரைத்தான். ஆள் பீரோ மாதிரி இருப்பார். நாட்டின் முன்னாள் தலைவரும் அவருடைய மெய்க்காவலரும் வெட்கமே இல்லாமல் கதவில் ஆளுக்கொரு காதை வைத்தார்கள்.

உள்ளேயிருந்து வந்ததெல்லாம் வெறும் எண்கள். முதலில் "நாலு" என்றார். அப்புறம் "அஞ்சு", மறுபடி "அஞ்சு". அடுத்த கேள்விக்குக் கொஞ்சமும் யோசிக்காமல், "ஒண்ணு".

முன்னாள் மெய்க்காவலர் பக்கம் சாய்ந்தார். அஞ்சு உசத்தியா, ஒண்ணு உசத்தியா? கிசுகிசுத்தார். ஓட்டலுக்கெல்லாம் அஞ்சு நட்சத்திரம்தானே உசத்தி என்றார் அவர். முன்னாளின் கால் தரையில் பாவவில்லை. ஆனால் வகுப்பில் முதல் ராங்க்தானே உசத்தி என்று மெய்க்காவலரே தொடர்ந்தார். முன்னாள் தொப்பென்று தரைக்கு வந்தார்.

அதோடு இன்னொரு சிக்கல். டீச்சர் தன் வாழ்நாளில் யாருக்கும் முழு மார்க் போட்டதில்லை. எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்ட பெண்ணுக்குக்கூட, கையெழுத்து ஏன் இப்படிச் சாய்கிறது என்று ஒன்றைப் பிடுங்கியவர். அப்படியானால் அஞ்சு முழு மார்க்காக இருக்க முடியாது, ஒண்ணுதான் உசத்தி. அப்படியானால் அந்த ஒண்ணும் முழு மார்க்காகிவிடுகிறதே? ஒரு நாட்டின் பட்ஜெட்டையே போட்டவருக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

அப்போது உள்ளே ஒரு சிரிப்பு. சின்னச் சிரிப்பு இல்லை. மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடியும் ஆரம்பிக்கிற சிரிப்பு. ஒரு நாட்டுத் தலைவரின் குணநலனில் இப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது? உங்கள் மேடைப் பேச்சைப் பற்றிக் கேட்டிருப்பார்கள் ஐயா என்றார் மெய்க்காவலர். அவரை முறைப்பதற்குள் அடுத்த பதில் வந்துவிட்டது.

"மாட்டேன்."

அந்தப் பெண் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லம்மா, நிச்சயமாத்தான் சொல்றேன். எப்பக் கேட்டாலும் மாட்டேன்தான்."

இதற்கு ஓட்டலும் ராங்க்கும் தேவைப்படவில்லை. எல்லாக் கணிப்பிலும் கடைசிக் கேள்வி எது என்று முன்னாளுக்குத் தெரியும். மீண்டும் நின்றால் அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா? அவர் மெய்க்காவலரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாடே தோற்கடித்தபோது வராத அழுகை இப்போது வந்தது. மெய்க்காவலர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு துண்டு ஆப்பிளை நீட்டினார்.

கதவு திறந்தது. மனைவி இருவரையும் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரு பக்கக் காது சிவந்திருந்தது.

"அவ்வளவு மோசமாவா இருந்தேன்?" என்றார் முன்னாள்.

"யார் சொன்னா? தைரியத்துக்கு அஞ்சு. நாட்டுக்குச் செஞ்சதுக்கு அஞ்சு. அஞ்சுதாங்க உசத்தி."

"முழு மார்க்கா? நீயா?"

"நேர்மைக்கும் அஞ்சுதான் வச்சிருந்தேன். பிறந்தநாள் விஷயத்துல ஒண்ணு குறைச்சுட்டேன்."

யோசிக்காமல் சொன்ன அந்த 'ஒண்ணு' எதற்கு என்று கேட்டார். குடும்பத்தைக் கவனித்தாரா என்பதற்காம். சிரிப்பு எதற்கு என்று கேட்டார். அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாளாம். எப்போதாவது பார்த்திருக்கிறேன் என்று சொன்னாராம். சொல்லும்போதே டீச்சருக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மெய்க்காவலர் ஆப்பிளை வாயில் திணித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். முன்னாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அப்புறம் ஏன் மாட்டேன்னு சொன்னே?"

"நான் போட்டு நீங்க ஜெயிச்சுட்டா? இப்பதானே வீட்டுக்கு வந்திருக்கீங்க" என்றார் மனைவி. சொல்லிவிட்டு, துடைத்த மேஜையையே திரும்பத் துடைக்கப் போய்விட்டார்.

அதன்பின் சாயங்காலம் வரை முன்னாள் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. சீட்டியடித்தார். மனைவியின் கையிலிருந்து துணியைப் பிடுங்கி, கண்ணில் பட்டதையெல்லாம், மெய்க்காவலரின் தொப்பி உட்பட, துடைத்தார். அடுத்த வாரப் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு டீச்சரை ஒரு வழி பண்ணினார்.

செயலாளர் பூங்கொத்தோடு வந்தார், வாயெல்லாம் பல். கட்சி எடுத்த கணிப்பில் அமோக வெற்றி நிச்சயம் என்றும், இனி அண்ணன் தலையை ஆட்டுவதுதான் பாக்கி என்றும் சொன்னார்.

முன்னாள் முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டார். "நாங்களும் வீட்டுல ஒரு கணிப்பு எடுத்தோம்ப்பா. ஒரு ஓட்டு குறையுது."

செயலாளருக்கு அப்பாடா என்றிருந்தது. "ஒண்ணுதானே அண்ணே? எப்பாடுபட்டாவது வாங்கிடலாம்."

"அதை வாங்கத்தாம்ப்பா வீட்டுல இருக்கப் போறேன்" என்றார் முன்னாள்.